தள்ளுபடிக்காக லண்டனுக்கு வராதீர்கள்

கார்த்திகை பிறந்ததும் ஒரே அறிவுரை எல்லாப் பக்கமும் சுற்ற ஆரம்பித்துவிடும். நான்கைந்து நாள் லீவு போடு. டிசம்பர் கடைசி வாரமாகப் பார்த்து லண்டனுக்கு டிக்கெட் எடு. ஆக்ஸ்போர்ட் தெருவுக்குப் பக்கத்திலேயே தங்கு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே தள்ளுபடியில் பாதி விலைக்கு அள்ளு. கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்ப வாங்கிக்கொள். ஒரு நாள் பிஸ்டர் வில்லேஜ் அவுட்லெட் போய்வா. டிக்கெட் காசு அதிலேயே வந்துவிடும். சென்னையிலும் கோவையிலும் இதைச் சொல்கிறார்கள். பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கும் நம் சொந்தங்கள், பக்கத்து ஊர்தானே என்று இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள். பயண முகவர் சொல்கிறார், யூடியூபில் சொல்கிறார்கள், போன வருஷம் போய்வந்த பெரியப்பா மகன் சொல்கிறார்.

இதில் ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் தவறு. சில வரிகள் ஒரு காலத்தில் சரியாக இருந்து காலாவதியானவை. சில எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. நான் லண்டனில் வசிப்பவன். பல மாதம் சேமித்த பணத்தோடு வருகிறவர்கள், தூக்கம் கெட்ட குழந்தைகளை இழுத்துக்கொண்டு, தங்கள் ஊர் மாலிலும் இருக்கும் அதே கடைகளின் முன்னால் வரிசையில் நிற்பதை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையின் மீதுதான் கோபம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரைப் பார்க்கக் கடை வழியாகப் போவதில் இழிவு எதுவுமில்லை. லண்டன் வணிகத்தால் வளர்ந்த ஊர். அதன் கடைகளைப் பார்க்காமல் அதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் நான்கு நாள் அதற்கென்றே வருவதும் நல்ல காரியம்தான். மலிவு என்பதை அச்சாக வைத்து அந்த நான்கு நாளைத் திட்டமிடுவதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் வரி, ஏனென்றால் மற்றக் கணக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான பொருள்களின் விலைக்குள்ளேயே 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு முன்பு இருந்தது: கடையில் படிவம் வாங்கி, விமான நிலையத்தில் முத்திரை குத்தி, கழிவு போக மிச்சத்தைப் பெற்றுக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியதன் இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் அது நின்றுபோனது. 2022 செப்டம்பரில் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் அதை மறுபடி கொண்டுவரப்போவதாக அறிவித்தார். நான்கு வாரம்கூட ஆகவில்லை. அவருக்குப் பின் வந்த ஜெரமி ஹண்ட் அக்டோபர் 17 அன்று அந்த அறிவிப்பை ரத்து செய்தார். பொருளை உங்கள் கையில் தராமல் கடையே நேராக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் வரி கழியும் என்பது உண்மைதான். அனுப்பும் செலவும் ஊரில் கட்டும் சுங்கமும் சேர்ந்தால் அந்த லாபம் நிற்காது.

ஆக, "வரியைத் திரும்ப வாங்கிக்கொள்" என்று இன்றும் சொல்கிறவர் பழைய செய்தியைச் சொல்கிறார். பாரிஸில் அந்த வசதி இன்னும் உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பிரான்ஸில் குளிர்காலத் தள்ளுபடிக்குச் சட்டமே தேதி குறித்திருக்கிறது: ஜனவரியில் தொடங்கி நான்கு வாரம். லண்டன்காரர்களே யூரோஸ்டாரில் ஏறி அங்கே போய் வரி கழித்து வாங்கி வரும் காலம் இது. பாரிஸிலிருக்கும் நம் சொந்தங்கள் அதற்கு எதிர்த்திசையில் மலிவைத் தேடி வருகிறார்கள். அவர்கள் ரயிலில் திரும்பும்போது வரியில்லாமல் கொண்டுபோகக்கூடிய பொருளின் மதிப்பு 300 யூரோ, விமானத்தில் 430 யூரோ. சுவிட்சர்லாந்து இன்னும் இறுக்கம்; 2025 ஜனவரியிலிருந்து அந்த வரம்பை 300 ஃபிராங்கிலிருந்து 150-ஆகக் குறைத்துவிட்டார்கள். ஒரு நல்ல கோட்டு வாங்கினாலே வரம்பு தாண்டிவிடும்.

சென்னையிலிருந்து வருகிறவர் கணக்கு இதைவிட மோசம். விமானம், நூறு பவுண்டுக்கு மேல் போகும் விசா, நான்கு இரவு அறை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒன்றரை லட்ச ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஊரில் வாங்குவதைவிட லண்டன் தள்ளுபடியில் 25 சதவீதம் மலிவு என்று தாராளமாகவும் வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றரை லட்சத்தை மீட்க, ஊர் விலையில் ஆறு லட்சத்துக்குச் சாமான் வாங்க வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பும் பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2016 விதிகளின்படி 50,000 ரூபாய் மதிப்புக்குத்தான் என்றும், அதற்கு மேல் 38.5 சதவீதம் வரி என்றும் நெடுநாள் இருந்தது. வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் ஆறு லட்சத்தை அது மூடப்போவதில்லை. "டிக்கெட் காசு வந்துவிடும்" என்று சொல்கிறவர் ஒருமுறையாவது தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தாரா?

சரி, அந்த 25 சதவீதமாவது உண்மையா? நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே சலுகைகளை, பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்?' பல ஆண்டுகளாக விலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு வந்திருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆண்டின் வேறு நாள்களில் அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ கிடைத்தவை என்பதே திரும்பத் திரும்ப வந்த முடிவு. பாதி விலை என்று பலகை சொல்லும்போது, எந்த விலையில் பாதி என்று கேட்கும் பழக்கம் நம் ஊர் ஆடித் தள்ளுபடியிலேயே நமக்கு உண்டு. விமானம் ஏறியதும் அதை ஏன் மறக்க வேண்டும்?

அடுத்தது நாள்காட்டி. இதில்தான் வருகிறவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். டிசம்பர் 25 அன்று லண்டனில் டியூப் என்னும் பாதாள ரயில் ஓடாது, பஸ் ஓடாது, ரயில் ஓடாது. பெரிய கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004-இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். மறுநாள் பாக்ஸிங் டே. டியூப் குறைவாக ஓடும். புறநகர் ரயில்கள் பெரும்பாலும் ஓடா. அண்மை ஆண்டுகளில் ஜான் லூயிஸ் போன்ற பெரிய கடைகள் அன்று ஊழியர்களுக்கு விடுப்பு கொடுத்துவிட்டுக் கதவைத் திறப்பதில்லை. தள்ளுபடி கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையே இணையத்தில் தொடங்கியிருக்கும். இருட்டோடு எழுந்து கடை வாசலில் காத்திருந்து வாங்கும் அந்தப் பழைய காட்சியை நம்பி வருகிறவர், நான்கு நாளில் ஒன்றை முழுதாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் இழக்கிறார். இடையில் ஞாயிறு வந்தால், 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம். பெரும்பாலும் மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை.

வெளிச்சத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை எட்டு மணி தாண்டி எழுந்து, மாலை நான்கு அடிப்பதற்குள் மறைந்துவிடும். மணிக்கு ஒரு கடை என்று எக்செலில் கட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மே மாதத்துக்கான திட்டத்தை டிசம்பரில் நடத்தப் பார்க்கிறார்கள். வெளியே ஐந்து டிகிரி, தூறல். கடைக்குள் போனால் ஹீட்டரில் வேர்க்கும். கோட்டைக் கழற்றி, கையில் பையோடு சுமந்து, மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். இதை ஒரு நாளில் பத்துமுறை செய்து பார்த்தவருக்கு மூன்றாவது கடையிலேயே தோள் இறங்கிவிடும். கூட்டம் மிகும் சமயங்களில் ஆக்ஸ்போர்ட் சர்க்கஸ் நிலையத்தின் வாசல்களைச் சற்று நேரம் மூடியும் வைப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் எழுதுகிற எந்தத் திட்டமும் ஓட்டமாகத்தான் முடியும்.

ஜனவரி இரண்டாம் பாதியில் வாருங்கள் என்பேன். டிசம்பரில் ஏறியிருந்த அறை வாடகை இறங்கியிருக்கும். பகல் அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டிருக்கும். குறைத்த விலைகள் இன்னும் குறைந்திருக்கும். வேண்டிய அளவு தீர்ந்துபோயிருக்குமே என்பார்கள். எல்லாரும் பாய்கிற பிராண்டுகளில் தீர்ந்திருக்கும்தான். அவற்றை வாங்கவே வர வேண்டாம் என்பதைத்தான் அடுத்துச் சொல்லப்போகிறேன். வண்ண விளக்குகளைப் பார்க்க ஆசையென்றால் அது வேறு பயணம். ரீஜென்ட் தெருவில் 1954-லிருந்தும் ஆக்ஸ்போர்ட் தெருவில் 1959-லிருந்தும் கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிகின்றன, நவம்பரிலேயே ஏற்றிவிடுவார்கள். நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாயோ புதனோ மாலையில் பார்த்தால் ஆனந்தமாகப் பார்க்கலாம்.

இப்போது ஆக்ஸ்போர்ட் தெரு. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம், நூற்றுக்கணக்கான கடைகள். ஒரு காலத்தில் அதற்கென்று ஒரு முகம் இருந்தது. டெபனம்ஸ் பெருங்கடை 2021-இல் மூடியது. ஹவுஸ் ஆஃப் ஃப்ரேசர் 2022 தொடக்கத்தில் போனது. ஒரு தலைமுறை இளம்பெண்கள் வார இறுதியெல்லாம் கழித்த டாப்ஷாப் துணிக்கடையின் கட்டடத்தில் 2025 மே மாதம் முதல் ஐகியா இருக்கிறது. ஹைதராபாத்தில் 2018 முதல் இருக்கும் அதே ஐகியா. கொரோனாவுக்குப் பின் காலியான கடைகளில் அமெரிக்க மிட்டாய்க் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் வரிசையாக முளைத்தன. 2022-இல் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் அவற்றில் சோதனை போட்டு, போலிப் பொருள்களை அள்ளிக்கொண்டு போனது. செல்ஃப்ரிட்ஜஸ் ஒன்று 1909-லிருந்து கம்பீரமாக நிற்கிறது, அதைப் பார்க்கலாம். மற்றபடி ஸாரா, எச் அண்ட் எம், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்: மூன்றும் சென்னையில் இருக்கின்றன. ஆக்ஸ்போர்ட் தெருவில் தொங்கும் பருத்திப் பனியன்களின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பாருங்கள்; வங்கதேசம், துருக்கி, இந்தியா. பிரிட்டனின் பெருங்கடைகளுக்குத் தைத்து அனுப்பும் ஊர்களில் திருப்பூர் ஒன்று. திருப்பூரில் தைத்ததை எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து பவுண்டு கொடுத்து வாங்கி மறுபடி சென்னைக்குச் சுமப்பதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொடுத்தவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

பிஸ்டர் வில்லேஜ் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 1995-இல் திறந்த அவுட்லெட் வளாகம். மேரிலபோன் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அவுட்லெட்டில் விற்பதற்கென்றே தனியாகத் தைக்கும் பிராண்டுகள் உலகெங்கும் உண்டு. அங்கே கிடைப்பதெல்லாம் பெரிய கடையில் விற்காமல் மிஞ்சியது என்று எண்ண வேண்டாம். நான்கு நாளில் ஒரு நாளை, லண்டனுக்கு வெளியே, லண்டன் அல்லாத ஒன்றுக்குக் கொடுக்கிறீர்கள்.

அப்படியென்றால் எதற்கு வருவது? லண்டனில் மட்டும் இருப்பதற்கு. அது நிறைய இருக்கிறது. பெரும்பகுதி ஆக்ஸ்போர்ட் தெருவிலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கிறது.

நியூ ஆக்ஸ்போர்ட் தெருவில் ஜேம்ஸ் ஸ்மித் அண்ட் சன்ஸ் என்று ஒரு குடைக் கடை. 1830-இல் தொடங்கிய நிறுவனம். விக்டோரியா காலத்து முகப்பும் பித்தளை எழுத்தும் அப்படியே இருக்கின்றன. குடையும் கைத்தடியும்தான் வியாபாரம். பல தலைமுறையாகக் குடையைத் தவிர வேறொன்றை நினைக்காத ஒரு கடை எப்படி இருக்கும் என்பதை உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் கிரேட் ரஸ்ஸல் தெரு. கார்னலிசன் என்ற ஓவியப்பொருள் கடை 1855-லிருந்து. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சாடிகளில் வண்ணப்பொடிகள். ஓவியம் வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு பிற்பகல் முழுவதும் அங்கேயே போய்விடும். அதே தெருவில் ஆர்தர் ப்ராப்ஸ்தைன், ஆசிய ஆப்பிரிக்க நூல்களுக்கென்றே 1903-லிருந்து நடக்கும் கடை. எதிரே பிரிட்டிஷ் மியூசியம், நுழைவுக் கட்டணம் கிடையாது, மழைக்கும் ஒதுங்கலாம். சாரிங் கிராஸ் சாலை வழியாகத் தெற்கே இறங்கினால் செசில் கோர்ட், இருபக்கமும் பழைய புத்தகமும் வரைபடமும் விற்கும் சிறு சந்து. ஒரு குளிர்காலப் பகலுக்கு இது போதும்.

இன்னொரு பகல் பிக்காடில்லிக்கு. 1707-லிருந்து ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்னும் பெருங்கடை. அதை ஒட்டினாற்போல ஹாச்சர்ட்ஸ், 1797-லிருந்து புத்தகம் விற்கிறது. எதிர்ப்பக்கம் 1819-இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேட். செயின்ட் ஜேம்ஸஸ் தெருவில் லாக் தொப்பிக் கடை 1676-லிருந்து இருக்கிறது. சென்னையில் கோட்டையைச் சுற்றி ஊர் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. ரீஜென்ட் தெருவின் பின்னால் லிபர்ட்டி பெருங்கடை: இரண்டு பழைய போர்க்கப்பல்களின் மரத்தை வைத்து 1924-இல் கட்டிய கட்டடம். மேலே துணிப் பிரிவில் டானா லான் என்னும் மெல்லிய பருத்தித் துணியை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். விலை அதிகம்தான். ஆனால் இரண்டு மீட்டர் துணி பையில் இடம் பிடிக்காது. ஊரில் நம் தையற்காரரிடம் கொடுத்தால் பிளவுஸும் ஆகும், சட்டையும் ஆகும். இந்தக் கடைகளில் வாங்காமல் பார்த்துவிட்டு வருவதற்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. சிறு கடைகளில் பல ஞாயிறு மூடியிருக்கும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது பணக்காரர்களுக்குச் சொல்லும் யோசனை என்று ஒரு குரல் எழும். நேர்மையான கேள்வி, பதில் இருக்கிறது. அந்த 20 சதவீத வாட் தொடாத பொருள்கள் பிரிட்டனில் உண்டு: அச்சுப் புத்தகங்கள், சிறு பிள்ளைகளின் துணியும் செருப்பும். எந்த நாளில் வந்தாலும், எந்தத் தள்ளுபடியும் இல்லாமலே, வரியில்லாமல் வாங்குகிறீர்கள். தள்ளுபடிப் பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அதைவிடப் பெரியது அறக்கட்டளைக் கடைகள். மக்கள் கொடுத்துவிட்டுப் போகும் துணி, புத்தகம், பாத்திரம் எல்லாவற்றையும் விற்று, வரும்படியை நற்பணிக்குத் தரும் கடைகள் லண்டனின் எல்லாக் கடைத்தெருவிலும் உண்டு. ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்று பெயர்ப்பலகை பார்த்தாலே தெரியும். மேரிலபோன், செல்சி, கென்சிங்டன் போன்ற வசதியான வட்டாரங்களில் அவற்றுக்கு வந்துசேரும் கம்பளிக் கோட்டுகளையும் காஷ்மீர் ஸ்வெட்டர்களையும் பார்த்தால், எதிரே புதிதாகத் தொங்கும் பாலியஸ்டர் கையில் எடுக்கப் பிடிக்காது. பழசையா வாங்குவது என்ற கூச்சம் நமக்குப் பலமாக இருக்கிறது. யாரோ உடுத்தியது, என்ன தோஷமோ என்று அத்தைமார் கேட்பார்கள். துவைத்தால் போகும் தூசு அது, அவ்வளவுதான். இங்கே பேராசிரியரும் வாங்குகிறார், பேருந்து ஓட்டுநரும் வாங்குகிறார். சென்னையிலிருந்து வருகிறவர் நான்கு நாள் குளிருக்காக ஊரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு கோட்டு வாங்கி, பிறகு அலமாரியில் பூச்சிக்கு விடுகிறார். வந்திறங்கிய அன்றே அறக்கட்டளைக் கடையில் நல்ல கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, கிளம்பும் அன்று அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அது இன்னொருவருக்கு ஆகும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் நம் உறவுகளுக்குத் தனியாக ஒரு சொல். நம் கடைகள் நிறைந்த டூட்டிங்கையும் ஈஸ்ட் ஹாமையும் வெம்பிளியின் ஈலிங் ரோட்டையும் கடைசி நாள் அவசரத்துக்கு ஒதுக்காதீர்கள். ஜனவரி நடுவில் டூட்டிங் தமிழ்க் கடைகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பொங்கலுக்கு வந்திறங்கும். 2022-இல் லண்டன் அசெம்பிளி ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடத் தீர்மானம் போட்டது. சேலைக்கும் சாமானுக்கும் வருகிறவர் வர வேண்டிய மாதம் அது. இறைச்சியும் பால் பொருள்களும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதை நினைவில் வைத்தால் சரி. 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களும் வருமுன் இடிஏ என்னும் மின்னனுமதி எடுக்க வேண்டும்.

கடைசியாக வரும் எதிர்வாதத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் பேராசை இல்லை. "ஊருக்கு வெறுங்கையோடு போக முடியுமா? பதினைந்து பேர் எதிர்பார்ப்பார்களே, தள்ளுபடி இல்லாமல் எப்படி?" டிசம்பர் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும் பாதிப் பேர் தங்களுக்காக வாங்க வரவில்லை. மச்சானுக்கு வாசனைத் திரவியம், நாத்தனாருக்குக் கைப்பை, பக்கத்து வீட்டுக்குச் சாக்லேட் பெட்டி என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அந்தக் கைப்பையும் அந்த வாசனைத் திரவியமும் சென்னையில் கிடைக்கின்றன. பல நேரம் அதே விலையில், பில்லோடு, மாற்றிக்கொள்ளும் வசதியோடு. பிரிட்டனில் கடைக்குப் போய் வாங்கியதை, பழுதில்லாதவரை, பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் சட்டக் கடமை கடைக்கு இல்லை. அது கடையின் விருப்பம். சென்னை போன பிறகு அந்த விருப்பமும் உதவாது.

அன்பைக் காட்ட வேண்டும் என்றால் பட்டியல் வாங்குவதை நிறுத்துங்கள். அவரவர் முகத்தை நினைத்து நீங்களே தேர்ந்தெடுங்கள். ஓவியம் வரையும் அண்ணன் மகளுக்குக் கார்னலிசனிலிருந்து ஒரு சிறு புட்டி நீலப் பொடி. தையல் தெரிந்த சித்திக்கு ஒரு மீட்டர் டானா லான். படிக்கிற மாமாவுக்குச் செசில் கோர்ட்டில் கிடைத்த பழைய மெட்ராஸ் வரைபடம். மீதிப் பேருக்கு எதுவும் வாங்காமல் வந்தாலும், நான்கு நாள் நிதானமாக நடந்து பார்த்ததை உட்கார்ந்து சொல்லத் தெம்பு இருக்கும். இதற்கு உறவு முறிந்துவிடும் என்றால், அது சாக்லேட் பெட்டியால் நிற்கும் உறவும் அல்ல.